மெஷின் மூச்சு வாங்கும் இடம்

மார்ச் 5, செவ்வாய்

குடோன் முன்கூடத்தில் நிற்கிற கேம் மெஷினின் பழைய போர்டை இன்று விற்றுவிட்டேன். வாங்கியவர் ஒரு பல் டாக்டர். பழைய கேம் போர்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்து வைப்பவராம். மெஷின் வேண்டாம், உள்ளே இருக்கும் பச்சைத் தகடு மட்டும் போதும் என்றார். பத்தே நிமிஷ பேரம். அவர் முகத்தில் ஆசை தெரிந்தது, நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். ஆசை தெரிகிற முகத்தைப் பார்த்துக்கொண்டே விலை சொன்னால் நமக்கே இரக்கம் வந்துவிடும்.

மூடிப்போகிற கடைகளின் சாமானை எடுத்து விற்பதுதானே என் தொழில். எட்டு வருஷத்துக்கு முன் மூடிப்போன ஒரு வீடியோ கேம் கூடத்தை மொத்தமாக எடுத்தேன். பதினான்கு மெஷின். பதின்மூன்றை ஒரே மாதத்தில் தள்ளிவிட்டேன். இந்த ஒன்றைப் பார்த்துத்தான் என் மைத்துனன், "அத்தான், இது மட்டும் இருக்கட்டுமே" என்றான். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. சரி, கிடக்கட்டும் என்று விட்டேன். அன்றிலிருந்து ஞாயிறு மூன்று மணி ஆனால் அவனும் கூட்டாளிகள் இரண்டு பேரும் ஆஜர். ஒருவர் கணக்கு வாத்தியார், இன்னொருவர் பஸ் ஓட்டுகிற அக்கா. மூன்று பேருக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒரு சின்ன விமானம், அதன் மேல் மழை மாதிரி கொட்டுகிற குண்டுகள். அதற்குள் புகுந்து புகுந்து தப்பிக்க வேண்டும். இதுதான் ஆட்டமே.

போர்டுக்கு வயதாகிவிட்டது. திரையில் குண்டு நிறைந்தால் திணறும். எல்லாம் தண்ணீருக்குள் நடப்பதுபோல் மெதுவாகிவிடும். மெக்கானிக் சொன்னார்: "அண்ணே, இதே கேம் புது போர்டுல வருது. திணறவே திணறாது. விலையும் பத்துல ஒரு பங்கு."

பழசுக்கு நல்ல விலை, மைத்துனனுக்குப் புது சாமான். இப்படி இரண்டு பக்கமும் லாபம் நிற்கிற வியாபாரம் எனக்கே அபூர்வம்.

மார்ச் 6, புதன்

புது போர்டு மாட்டியாயிற்று. படம் கண்ணாடி மாதிரி ஓடுகிறது. மைத்துனனிடம் சொல்லவில்லை. ஞாயிறு வந்து பார்க்கட்டும்.

மார்ச் 10, ஞாயிறு

பார்த்தான்.

என் அறைக்கும் முன்கூடத்துக்கும் நடுவே கண்ணாடித் தடுப்புதான். காகித வேலை செய்துகொண்டே இவர்கள் பேச்சை எட்டு வருஷமாகக் கேட்டு வருகிறேன். வேண்டும் என்று கேட்டதில்லை, காதில் விழுந்தது. இன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. வாத்தியார், "குண்டைப் பாக்கக் கூடாது, குண்டு இல்லாத இடத்தப் பாக்கணும்" என்றார். ஓட்டுநர் அக்கா, "அத நீங்க எனக்குச் சொல்றீங்களா? நான் பஸ்ஸ எத பாத்து ஓட்டுறேன், முன்னாடி போற வண்டியவா? ரெண்டு வண்டிக்கு நடுவுல இருக்கிற இடைவெளியத்தான்" என்றார். இதையே நூறு தடவை பேசியிருப்பார்கள். அலுப்பதே இல்லை.

மைத்துனன் காசு போட்டான். ஒரே காசு, மூன்று உயிர், முதலிலிருந்து கடைசி வரை. அதுதான் இவர்கள் சட்டம். இரண்டாம் காசு போட்டுத் தொடர்வது கேவலமாம். கடைசியில் வருகிற பெரிய கப்பலுக்கு மாமனார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு கொடுத்தாலும் திருப்தி வராதாம். என் மாமனார் யார்? அவன் அப்பா. எதைப் பேசுகிறோம் என்று யோசித்துத்தான் பேசுகிறானா தெரியவில்லை. ஒரே காசில் மாமனார் வரைக்கும் அவன் இரண்டு தடவை போயிருக்கிறான். தாண்டியதில்லை. தாண்டினால் இந்த ஊரில் தாண்டிய முதல் ஆள்.

மூன்றாம் கட்டத்தில் திரை முழுக்கச் சிவப்புக் குண்டு. செத்தான். உடனே இன்னொரு உயிர். அதே இடம். செத்தான். மூன்றாவதும் போயிற்று.

பின்னால் நிற்பவர், ஆடியவன் எதனால் செத்தான் என்று சொல்ல வேண்டும். அது இவர்கள் வழக்கம். ஆடியவன் வாயைத் திறக்கக் கூடாது. எந்தக் குண்டு பட்டது என்பது கணக்கில் இல்லை. அதற்கு முன்னால் எங்கே தப்பு செய்தான் என்பதுதான் கணக்கு. அதை வைத்து அரை மணி நேரம் சண்டை நடக்கும். இன்று பின்னால் நின்றது வாத்தியார். அவருக்கு எந்தத் தப்பும் தென்படவில்லை.

மைத்துனன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மூச்சு வாங்கல" என்றான்.

"என்னடா?"

"மெஷின் மூச்சு வாங்கல அத்தான். இங்க வந்தா அது திணறும். அந்த நேரத்துலதான் நாம உள்ள புகுந்து போவோம். அது ஒரு மூச்சு, நாம ஒரு மூச்சு. இப்ப நிக்கவே மாட்டேங்குது."

நான் பெருமையாகத்தான் சொன்னேன். புது போர்டு, பழையதை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டேன், இனி திணறாது என்று.

அவன் கோபப்படவில்லை. காசுப் பெட்டியின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றான். "சரி அத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஓட்டுநர் அக்கா மட்டும் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "ஏங்க, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? எட்டு வருசம் அந்தத் திணறலோட சேந்துதான் அவரு பழகியிருக்காரு."

எனக்கு எப்படித் தெரியும்? கோளாறை யாராவது வேண்டுமென்று வைத்துக்கொள்வார்களா?

மார்ச் 11, திங்கள்

மூடிய பேக்கரியின் இரண்டு ஃப்ரீசர் வந்தது. ஒன்றில் கம்ப்ரஸர் போயிருக்கிறது. கோளாறு என்றால் அதுதான் கோளாறு. விற்கும்போது சொல்லிவிட்டுத்தான் விற்பேன்.

மார்ச் 17, ஞாயிறு

யாரும் வரவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

வாத்தியார் தனியாக வந்தார். ஒரு காசு ஆடினார். கிளம்பும்போது, "வேற கேம் மாதிரி இருக்குங்க" என்றார். அந்த போர்டைத் திருப்பி வாங்க முடியுமா என்று கேட்டார். விற்ற பொருளை நான் திருப்பி வாங்குவதில்லை என்றேன். முப்பது வருஷ வழக்கம்.

வீம்பா? வீம்புதான். என்னிடம் குறை சொன்னால் எனக்குப் பிடிக்காது.

ஏப்ரல் 2, செவ்வாய்

கை கழுவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி பின்னால் வந்து நின்றாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தாள் என்று நினைத்தேன்.

"தம்பிக்குக் கை நடுங்குதாம்."

"யாருக்கு?"

"எனக்கு எத்தனை தம்பி? ஜனவரியிலயே டாக்டர்ட்ட போயிருக்கான். நரம்பாம். மாத்திரை குடுத்திருக்காங்க, ஆனா போகப் போக அதிகமாகத்தான் செய்யுமாம். இன்னிக்குக் கடையில கண்ணாடிய கீழ போட்டுட்டான். மொதலாளி பாத்துட்டாரு. அதனாலதான் எங்கிட்டச் சொல்றான். இல்லைன்னா இப்பவும் சொல்லியிருக்க மாட்டான்."

மைத்துனன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறான். கண்ணாடியை ஃப்ரேமில் பொருத்துகிற வேலை. கடுகு அளவு ஸ்க்ரூவைச் சாமணத்தால் இடுக்கி எடுத்து வைப்பான்.

ஜனவரி. அப்படியானால் பிப்ரவரி முழுக்க ஒரு ஞாயிறு விடாமல் வந்தானே, தூறலில்கூட வந்தானே—

ஏப்ரல் 3, புதன்

கடைக்கே போய்ப் பார்த்தேன். மேஜையில் குனிந்திருந்தான். சாமணத்து முனையில் ஸ்க்ரூ. கை இடம் வலமாக ஆடுகிறது. ஓட்டைக்கு நேரே கொண்டு வருகிறான், விலகுகிறது. நாலாவது தடவை விழுந்தது. நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டான்.

"என்ன அத்தான், கண்ணாடி மாத்தணுமா?"

வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான்.

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா என்ன செய்வீங்க? டாக்டரோட பேரம் பேசுவீங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன்தான் சிரித்தான். பிறகு சொன்னான். டாக்டர் ஆறு மாதம் ஓரளவு கை பேச்சைக் கேட்கும் என்றாராம். ஜூன், மிஞ்சிப்போனால் ஜூலை. அதற்குள் மாமனாரைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். பிப்ரவரி கடைசி ஞாயிறு மாமனாரின் பாதி உயிரை எடுத்துவிட்டானாம். நான் அன்று கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் எடை மெஷின் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கூச்சல் கேட்டது. என்ன என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் போர்டை விற்றேன்.

இன்றே பல் டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அவர் வெளிநாட்டில் மகள் வீட்டில் இருக்கிறாராம். மே மாதக் கடைசியில்தான் வருவாராம். போர்டுகள் இருக்கிற அலமாரிச் சாவி அவரிடம்.

வாத்தியார் கேட்ட அன்றே போன் செய்திருந்தால்? போனை எடுத்த பெண்ணிடம் அதையும் கேட்டேன். டாக்டர் மார்ச் 28 அன்றுதான் கிளம்பினாராம்.

ஏப்ரல் 9, செவ்வாய்

அதே மாதிரி பழைய போர்டு வேறு எங்காவது கிடைக்குமா என்று எனக்குத் தெரிந்த பதினெட்டுப் பேரிடம் கேட்டாயிற்று. இரண்டு பேர் என்னைக் கேலி செய்தார்கள். "அண்ணன் கேம் ஆட ஆரம்பிச்சிட்டாரா?" ஒருவன் அனுப்பி வைத்தான். பெட்டியைத் திறந்தால் வேறு ஏதோ போர்டு. எனக்கே பழைய சாமானைத் தள்ளிவிட்டான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

அவன் மட்டும் வந்தான். புது போர்டில் இரண்டு காசு ஆடினான். கை பழக்கம் விட்டுவிடக் கூடாதாம். நான் அறையில் உட்காராமல் வெளியே நின்றேன்.

மே 12, ஞாயிறு

கடையில் அவனை ஸ்க்ரூ வேலையிலிருந்து எடுத்து முன் மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள். வருகிறவர்களுக்கு ஃப்ரேம் எடுத்துக் காட்டுகிற வேலை. சம்பளம் குறையவில்லையாம். "அந்த மொதலாளி நல்லவரு" என்றாள் வீட்டுக்காரி. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

மே 25, சனி

பல் டாக்டர் வந்துவிட்டார். காலையிலேயே போய் வரிசையில் உட்கார்ந்தேன். பல்வலிக்காரர்கள் நடுவே வாய் வலிக்காமல் உட்கார்ந்திருந்தது நான் ஒருவன்தான்.

வியாபாரத்தில் எனக்கு ஒரே விதி. அவசரத்தைக் காட்டாதே. இன்று எல்லாவற்றையும் சொன்னேன். மைத்துனன், கை, மாமனார், மூச்சு வாங்குவது. அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். போர்டு காகித உறையில், அலமாரியில், நாற்பது போர்டுகளோடு ஒன்றாக இருந்தது. மாட்டிக்கூடப் பார்க்கவில்லையாம்.

"நீங்க வித்த விலைக்கு ரெண்டு மடங்கு" என்றார்.

அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். நானும் கேட்டிருப்பேன். சரி என்றேன். பேரம் பேசாமல் நான் வாங்கிய முதல் பொருள். சாயங்காலமே மெக்கானிக்கை வரவழைத்து மாட்டினேன். ஒரு காசு போட்டு நானே ஆடிப் பார்த்தேன். முதல் கட்டத்திலேயே செத்துவிட்டேன். அது திணறுகிற இடம்வரைக்கும் போகவே முடியவில்லை.

மே 26, ஞாயிறு

மூன்று பேரும் வந்தார்கள். கை விஷயம் இப்போது மற்ற இருவருக்கும் தெரியும். பதினோரு ஞாயிறு வீணாகப் போயிருக்கிறது. எண்ணிவிட்டேன்.

மூன்றாம் கட்டத்தில் மெஷின் மூச்சு வாங்கியது. அவன் தோள் கீழே இறங்கியதைப் பார்த்தேன். அரிசி மூட்டையை இறக்கி வைத்தவன் மாதிரி. உள்ளே புகுந்தான். ஒரு வரி தாண்டினான், இரண்டு வரி. கை ஒரு தடவை உதறியது. விமானம் பொடிப்பொடியாகச் சிதறியது.

இன்னும் இரண்டு உயிர். அவையும் அங்கேயே.

பின்னால் நின்றது ஓட்டுநர் அக்கா. மார்ச்சுக்கு முன்னால் என்றால், "வெடிய மடியில கட்டிக்கிட்டே செத்தீங்களே, யாருக்குச் சீதனம் குடுக்கச் சேத்து வச்சீங்க?" என்று பிடித்திருப்பார். நெருக்கடியில் திரையைத் துடைக்க ஆளுக்கு மூன்று வெடி உண்டு. அதைப் பயன்படுத்தாமல் சாவதுதான் இவர்கள் அகராதியில் பெரிய அவமானம். இன்று, "பரவால்லப்பா, நல்லாத்தான் போச்சு" என்றார்.

அவன் திரும்பி அவரைப் பார்த்தான்.

ஜூன் 2, ஞாயிறு

மூன்றாம் கட்டம். வாத்தியார் "யாரா இருந்தாலும் அந்த இடத்துல கஷ்டம்" என்றார்.

ஜூன் 9, ஞாயிறு

இரண்டாம் கட்டம். ஓட்டுநர் அக்கா "கெட்ட நேரம்" என்றார்.

ஜூன் 16, ஞாயிறு

மூன்றாம் கட்டம். இரண்டு பேரும் முந்திக்கொண்டு, "கை மட்டும் சரியா இருந்திருந்தா தாண்டியிருப்பீங்க" என்றார்கள்.

அவன் விமானத்தை ஓட்டுகிற குச்சியை விட்டுக் கையை எடுத்தான். சட்டைப் பையிலிருந்த மிச்சக் காசை மெஷின் தலையில் வைத்தான். "நீங்க ஆடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

யாரும் ஆடவில்லை. ஓட்டுநர் அக்கா என் அறை நாற்காலியில் வந்து உட்கார்ந்து அழுதார். "நான் என்னங்க தப்பா சொன்னேன்? வேற என்னத்தச் சொல்றது?"

தண்ணீர் கொடுத்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

அவன் வரவில்லை. மெஷின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. ஆளில்லாத விமானம் தானாகப் பறந்து தானாகச் சாகிறது.

ஜூன் 25, செவ்வாய்

அவன் அறைக்குப் போனேன். மாடியில் ஒற்றை அறை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவன். துணி மடித்துக்கொண்டிருந்தான். மூலையை மூலையோடு சேர்க்க வரவில்லை. உதவிக்குப் போனேன், "வேணாம், உக்காருங்க" என்றான்.

நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவன் இல்லை. "பதினோரு ஞாயிறை நான் எடுத்துட்டேன். உன் கை நல்லா இருந்த கடைசி ஞாயிறுங்க. திருப்பித் தர முடியாது. என்ன விலை சொல்றியோ சொல்லு, தர்றேன்" என்றேன்.

"ஞாயித்துக்கிழமைக்கு விலையா?" என்றான். "நீங்க வேற."

"சொல்லுடா."

துணியை அப்படியே விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம்.

"போன வாரத்துக்கு முந்தின வாரம், கடைசி உயிர். நான் எதனால செத்தேன்? நீங்க வெளிய நின்னு பாத்துட்டுத்தானே இருந்தீங்க."

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். வரவில்லை. எட்டு வருஷம் காதில் விழுந்தது எங்கோ உள்ளே தங்கியிருக்கிறது.

"இடது மூலையில கூட்டம் வர்றது உனக்கு முன்னாடியே தெரியும். ரெண்டு வெடி கையில இருந்துச்சு. போடல. அப்புறம் நல்ல நேரம் வரும்னு பிடிச்சு வச்ச. நீ எப்பவும் இப்படித்தான். உன் அப்பா வீட்டை வித்தப்பவும் உன் பங்க இப்படித்தான் பிடிச்சு வச்சு விலை இறங்கினப்புறம் குடுத்த."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நோயாளியிடம் பேசுகிற பேச்சா இது? எழுந்து போகச் சொல்லுவான் என்று நினைத்தேன்.

அவன் சிரித்தான். ஜனவரிக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான்.

"வீட்ட எதுக்கு இழுக்கிறீங்க? வெடி மட்டும் பேசுங்க."

"வெடிதான். ஆனா கையும்—"

"கை நடுங்கும்னு எனக்குத் தெரியுமில்ல?" சிரிப்பு நின்றுவிட்டது. "தெரிஞ்சவன் என்ன செய்யணும்? ரெண்டு செகண்ட் முன்னாடியே நகரணும். இல்ல வெடியப் போடணும். ரெண்டும் செய்யல. அதுதான் தப்பு. கை தப்பு இல்ல, அது பாட்டுக்கு இருக்கு. இந்த ஒரு மாசத்துல ஒருத்தராவது இத எங்கிட்டப் பேசினாங்களா அத்தான்? எல்லாரும் கையத்தான் பாக்குறாங்க. மெஷின யாருமே பாக்கல."

"மாமனார தாண்டணும்னு சொன்னியே."

"தாண்ட மாட்டேன். அது எனக்குத் தெரியும்." சாதாரணமாகச் சொன்னான். "ஆனா எப்படிச் செத்தேன்னு பேசலாமில்ல. நாங்க அங்க வந்து நின்னதே அதுக்குத்தான். ஆடுறது பத்து நிமிசம், பேசுறது ரெண்டு மணி நேரம். நீங்க வித்தது போர்ட இல்ல அத்தான், அந்தப் பேச்ச. போர்டு திரும்பி வந்துடுச்சு, பேச்சு வரல."

அவன் விட்டிருந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

கொஞ்சம் கழித்து, "விலை சொல்றேன்" என்றான். சொன்னான். ஒரு இடத்தில் நான் மறுத்தேன். எனக்கு ஆட்டம் தெரியாது, நான் எப்படி என்றேன். "கூட்டத்துல உள்ளத உள்ளபடி சொல்ற வாய் உங்களுக்குத்தான் இருக்கு. மத்தது தானா வரும்" என்றான். அதற்கு மேல் பேரம் இல்லை. கை கொடுத்தேன். அவன் கை என் கைக்குள் ஆடிக்கொண்டே இருந்தது. முதலில் இறுக்கிப் பிடித்தேன், பிறகு விட்டுப் பிடித்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

முதல் காசு, இரண்டாம் கட்டத்தோடு சரி. நான் பின்னால் நின்றேன். "வலது பக்கம் வழி இருந்துச்சு, ஆசைப்பட்டு நடுவுல போன" என்றேன். வாத்தியார், "வலது பக்கம் வழியே இல்லீங்க, நீங்க எதப் பாத்தீங்க?" என்று சண்டைக்கு வந்தார். ஓட்டுநர் அக்கா என் பக்கம் பேசினார். முக்கால் மணி நேரம். மைத்துனன் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து அடுத்த காசைப் போட்டான். இந்தத் தடவை மூன்றாம் கட்டத்தில் மெஷின் மூச்சு வாங்குகிற இடத்தைத் தாண்டி நான்கு வரி போனான். இரண்டு வெடியைப் போட்டான், மூன்றாவதைப் போடவில்லை. அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

பேசி முடித்த விலையை எழுதி வைக்கிறேன். ஞாயிறு மூன்றிலிருந்து ஐந்து வரை அவன் ஆடும்போது பின்னால் நிற்பது நான். ஒவ்வொரு சாவுக்கும் காரணம் சொல்ல வேண்டும், உள்ளது உள்ளபடி. கையைக் காரணமாகச் சொல்வதில்லை. கெடு அவன் கையில்: போதும் என்று அவன் சொல்லும்வரை.